கண்ணாடி போடாத படங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்து நண்பர் ஒருவர் பெரிய அட்டைப்பெட்டியோடு என் கடைக்கு வந்தார். மகன் ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஆண்டு முடிவில் ஆசிரியர்கள் அவனுடைய போர்ட்ஃபோலியோவைப் பார்த்து மதிப்பிடப் போகிறார்களாம். "பன்னிரண்டு படம் இருக்கிறது. நல்ல தேக்கு நிறச் சட்டமாகப் போட்டுக் கண்ணாடி வைத்துக் கொடுங்கள், பணத்தைப் பற்றிக் கவலையில்லை" என்றார்.

நான் வாங்கிக்கொள்ளவில்லை. வந்த வியாபாரத்தைத் திருப்பி அனுப்பியது பற்றி என் மனைவிக்கு இன்னும் வருத்தம். நண்பருக்கும் கொஞ்சம் மனத்தாங்கல் இருக்கலாம். அவருக்கு அன்றைக்குச் சரியாகச் சொல்லத் தெரியாததை இங்கே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். நம் இதழில் நான் எழுதுவது இதுவே முதல் தடவை. குற்றம் குறை இருந்தால் பெரியவர்கள் பொறுத்தருள வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சொந்த ஊர் நாகர்கோவிலை அடுத்த கோட்டாறு. வீடு கொல்லயில் பஞ்சாயத்தில், தனுவச்சபுரம் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரம். பாறசாலையில் இருபத்தெட்டு வருடமாகப் பிரேம் கடை. கோட்டாறுக்கும் பாறசாலைக்கும் இடையே முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஆனால் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமுமாகப் பிரிந்துவிட்டதால், களியக்காவிளையைத் தாண்டி வந்த நானும் துபாய்க்குப் போனவரைப் போல வெளிமாநிலத் தமிழன் ஆகிவிட்டேன். கல்யாணப் படம், சாமி படம், ஸ்ரீநாராயண குரு படம், கட்சித் தலைவர் படம், காலமானவர் படம் எல்லாம் கடைக்கு வரும். (காலமானவர் படத்துக்கு வருகிறவர்கள் மட்டும் பேரம் பேசமாட்டார்கள். தொழிலில் நான் கண்டது.)

என் மகள் திருவனந்தபுரத்துக்குத் தினமும் ரயிலில் போய் நான்கு வருடம் ஓவியம் படித்தாள். பி.எஃப்.ஏ. முடித்ததும் மேற்படிப்புக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தாள். அங்கே மதிப்பெண்ணை மட்டும் வைத்து இடம் தருவதில்லை. போர்ட்ஃபோலியோவைக் கொண்டுவா, நேரில் பேசு என்று கூப்பிடுகிறார்கள்.

போர்ட்ஃபோலியோ என்றால் என்ன என்று எனக்கும் அப்போது தெரியாது. மாணவர் தன் படைப்புகளிலிருந்து தானே தேர்ந்து, தானே வரிசைப்படுத்திய தொகுப்பு அது. பெரும்பாலும் பத்திலிருந்து இருபது படம் வரை கேட்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு மூன்று ஆசிரியர்கள் உட்கார்ந்து புரட்டிப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். இளங்கலையில் சேர்வதற்குப் பல இடங்களில் அங்கேயே உட்கார்ந்து வரையச் சொல்லித் தேர்வு வைத்துவிடுகிறார்கள். சேர்ந்த பிறகு ஆண்டுதோறும் செய்தவற்றைப் பரப்பிவைத்துக் காட்ட வேண்டும். முதுகலைக்குப் போகும்போது வாழ்வோ சாவோ அந்தத் தொகுப்பின் கையில்தான்.

எனக்குத் தெரிந்தது சட்டம் போடுவது. மகளின் பதினோரு படங்களுக்குக் கடையில் இருந்த நல்ல மோல்டிங்கை எடுத்து, மவுண்ட் வெட்டி, கண்ணாடி வைத்து, பின்னால் ஹார்டுபோர்டு அடித்துக் கொடுத்தேன். "கண்ணாடி வேண்டாம்ப்பா, சும்மா அட்டைக்குள்ளே வைத்துக் கொண்டு போறேன்" என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "மக்களே, உனக்குத் தெரியாது. சபையில் வைக்கிற பொருள் சபைக்கு ஏற்ற மாதிரி இருக்கணும்" என்றேன். மரப்பெட்டி செய்து, வைக்கோல் திணித்து, இரண்டு ராத்திரி ரயிலில் நானும் கூடப் போனேன். இறங்கிப் பார்த்தபோது மூன்று கண்ணாடி விரிசல். ஒன்று நொறுங்கிப் படத்தையே கீறியிருந்தது.

அது கூடப் பெரிதில்லை. உள்ளே போனவளிடம் அவர்கள் முதலில் கேட்டது, "உன் ஸ்கெட்ச் புத்தகங்கள் எங்கே?" என்பது.

இல்லை.

ஏன் இல்லை என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அந்த வருடம் ஓணத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மகளின் கட்டிலுக்கடியில் இரண்டு அரிசிச் சாக்கு நிறைய ரஃப் நோட்டுகள் கிடந்தன. பாதி கிறுக்கல், பாதி அழித்தது, ரயிலில் தூங்குகிறவர்களின் வாய், யாருடையதோ முட்டி, ஒரே கையைப் பதினாறு தடவை. நல்ல படங்கள்தான் சுவரில் இருக்கின்றனவே என்று அந்தச் சாக்குகளைப் பழைய செய்தித்தாளோடு சேர்த்துப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். எல்லாம் சேர்த்து நானூறு ரூபாய் கிடைத்தது. நான்கு வருடப் படிப்புக்கு அன்றைய விலை அது.

அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்களாம். "ஏன் எல்லாவற்றையும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறாய்?" என்று ஒருவர் கேட்க, "என் அப்பா பிரேம் கடை வைத்திருக்கிறார்" என்று இவள் சொல்ல, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதில் வயதான ஓர் அம்மையார் மட்டும், "அந்தக் கடையை எப்போதாவது வரைந்திருக்கிறாயா?" என்று கேட்டாராம். வரைந்ததில்லை. பதினோரு படத்தில் நான்கு ரவிவர்மாவைப் பார்த்து எழுதியவை. இரண்டு ஊட்டி, காலண்டரைப் பார்த்து. ஒன்று என் அம்மா, புகைப்படத்தைப் பார்த்து. மீதி கல்லூரிப் பயிற்சி. அவள் தன் கண்ணால் தானே தேடிப் பார்த்ததாக ஒன்றுமே அந்தப் பெட்டியில் இல்லை. தேடிப் பார்த்ததெல்லாம் பேப்பர்காரரின் தராசில் ஏறிப் போயிருந்தது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். வெளியூரில் பிழைக்க வந்த நம் குடும்பங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நாலு பேர் முன்னால் காட்டுவது எல்லாம் முடிந்த பொருளாக இருக்க வேண்டும். முதல் பரிசு, முதல் வகுப்பு, அரங்கேற்றம். நடுவில் பட்ட பாட்டை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிடுவோம். அடுத்த ஊரில் நம்மை யாரும் குறைவாக நினைத்துவிடக் கூடாதே என்ற பயம், வேறென்ன! மற்ற படிப்புகளுக்கு அது எப்படியோ, ஓவியப் படிப்பில் இந்தப் பழக்கம் பிள்ளைகளின் காலை வாரிவிடுகிறது. அங்கே பார்க்க வருகிறவர்களுக்கு முடிந்த படம் பாதிதான். அந்தப் படத்துக்கு இவன் எப்படிப் போய்ச் சேர்ந்தான், எங்கே தடுமாறினான், தடுமாறிய பிறகு என்ன செய்தான் என்பது மீதிப் பாதி. அடுத்த இரண்டு வருடம் இவனுக்குக் கற்றுக்கொடுக்க முடியுமா என்பதை அந்தப் பாதியில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. மறைப்பதுதான் ஒரு காலத்தில் இந்தத் தொழிலின் தர்மமாக இருந்தது. கிளிமானூர் ரவிவர்மா 1862-இல் பதினான்கு வயதுப் பிள்ளையாகத் திருவனந்தபுரம் வந்தபோது, அரண்மனை ஓவியராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர், நம் தமிழர். எண்ணெய் வண்ணம் கலக்கும் முறையை அவர் இந்தப் பிள்ளைக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார் என்றும், அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான் குருவுக்குத் தெரியாமல் சொல்லிக்கொடுத்தார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும் பாடம் எடுக்கவில்லை, பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் விட்டார். ஐந்தாறு வருடங்களுக்குள், 1873-இல், ரவிவர்மாவின் படம் வியன்னா கண்காட்சியில் பரிசு வாங்கிவிட்டது. நாயக்கர் பெயரை இன்று ரவிவர்மாவின் கதையில் ஓர் இடத்தில்தான் பார்க்கிறோம். ஆறுமுகம் பிள்ளைக்கு எந்த ஊரிலாவது ஒரு படம் மாட்டியிருக்கிறார்களா என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. இருந்தால் சட்டம் என் செலவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரவிவர்மாவின் தம்பி ராஜராஜவர்மா, அவரும் ஓவியர், அண்ணனோடு ஊர் ஊராகப் போனவர், 1895 முதல் 1904 வரை ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அது 2005-இல் நூலாக வந்தது. எங்கே தங்கினார்கள், யாரை உட்கார வைத்து வரைந்தார்கள், அன்றாடம் வேலை எப்படி நடந்தது என்பதெல்லாம் இன்று தெரிகிறதென்றால் பெரும்பாலும் அந்தக் குறிப்பால்தான். அந்த வீட்டில் வெள்ளையடிக்கும்போது யாரும் அதை எடைக்குப் போடவில்லை.

இடம் கிடைக்காமல் திரும்பி வந்த பிறகு என் மகள் ஒரு மாதம் பென்சிலைத் தொடவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க முகம் ஏது? பிறகு ஒருநாள் மத்தியானம் சாப்பாடு கொண்டு வந்தவள், கடையில் மூலையில் உட்கார்ந்துகொண்டு நான் கண்ணாடி வெட்டுவதை வரைந்தாள். மறுநாளும். வைர முனையால் கோடு இழுத்து, கண்ணாடியை மேசை விளிம்பில் வைத்து ஒரு தட்டுத் தட்டும் அந்த நொடிதான் அவளுக்கு வேண்டும். கை சரியாக வந்தால் தோள் வரவில்லை, தோள் வந்தால் கண்ணாடி வரவில்லை. கண்ணாடியை எப்படி வரைவது, அதற்குத்தான் நிறமே கிடையாதே! இதுவரை எண்பது தாளுக்கு மேல் ஆகிவிட்டது. நானும் எத்தனை தடவைதான் ஒரே மாதிரி நிற்பது. ஆனால் அறுபதாவதோ என்னவோ ஒரு தாளைக் காட்டினாள் பாருங்கள், கண்ணாடி அதில் தெரியவே இல்லை, என் விரல்கள் மட்டும் எதையோ பயந்து பிடித்திருக்கின்றன. எனக்கே அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் பயந்துதான் பிடிக்கிறேன் என்று.

ஒரே விஷயத்தை எதற்கு இத்தனை தடவை என்று கேட்டேன். நம் ஓவியர் ஆதிமூலத்தைச் சொன்னாள். திருச்சி மாவட்டத்துக்காரர், சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர். காந்தி நூற்றாண்டான 1969-இல் காந்தியை மட்டும் நூறு கோட்டோவியங்களாக வரைந்தவர். நூறிலும் அதே மனிதர்தான், ஆனால் ஒன்றைப் போல ஒன்று இருக்காது என்றாள்.

இவ்வளவு சொன்னதால், எல்லைக் கிராமத்துப் பிள்ளை எல்லையைத்தான் வரைய வேண்டும், தமிழ்ப் பிள்ளை கோலத்தையும் கோபுரத்தையும்தான் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அப்படிச் செய்தால் அதுவும் நான் போட்ட சட்டத்தைப் போல இன்னொரு சட்டம்தான். திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் படங்களுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. ரவிவர்மாவைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் அங்கே நுழையாமலே மிருகக்காட்சிசாலைக்குப் போய்விடுகிறார்கள். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி, சென்னை ஓவியப் பள்ளியில் படித்து அங்கேயே முதல்வராக இருந்தவர், 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியவர். அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களில் ஜாதகக் கட்டம், கணக்கு, எழுத்து எல்லாம் தாள் நிறைய இருக்கும். மலையாளம் போலத் தெரியும், கிட்டே போய் வாசித்தால் வாசிக்க வராது. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் ஒரு மொழியுமாக வளர்கிற நம் பிள்ளைகள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் நல்லது. ஆனால் அந்த வரிசையை அவர் தொடங்கியது 1963-இல், ஐம்பத்திரண்டு வயதில். யாரோ தேர்வாளர் கேட்டார் என்று செய்ததில்லை. இருபது வயதுப் பிள்ளையை, உன் வேரைக் காட்டு, உன் மண்ணைக் காட்டு என்று நெருக்குகிற மதிப்பீட்டாளர்களும் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். அது எனக்குச் சம்மதமில்லை. என் மகள் வரைந்தது பக்கத்தில் இருந்ததை. அது பிரேம் கடையாக இருந்தது, அவ்வளவுதான்.

பெற்றோர் கையில் இருக்கும் சில்லறை வேலைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதலில் தாளைக் காப்பாற்றுங்கள். இடவப்பாதி மழை தொடங்கினால் நம் வீடுகளில் செருப்பே பூஞ்சை பிடிக்கிறது, கார்ட்ரிட்ஜ் தாளுக்குக் கேட்க வேண்டாம். கட்டிலுக்கடியில் கறையான் வரும். சுவரோடு ஒட்டாமல், தரையில் வைக்காமல், படுக்கைவசமாக, அட்டைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். வெயில் அடிக்கிற நாளில் ஒருமுறை திறந்து காற்றாட விடலாம், நேர் வெயிலில் காயப் போடக் கூடாது. கரித்துண்டால் வரைந்ததற்கு மேல் மெல்லிய தாள் ஒன்றை வைக்காவிட்டால் அடுத்த படத்தின் பின்பக்கத்தில் அது அச்சாகிவிடும். ஒவ்வொன்றின் பின்னாலும் என்ன பொருளால் செய்தது, அளவு, வருடம் மூன்றையும் பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். பேனாவால் எழுதினால் மழைக்காலத்தில் முன்பக்கத்துக்கு ஊறிவிடும்.

இப்போது பல இடங்களில் முதலில் புகைப்படம் எடுத்துக் கோப்பாக அனுப்பச் சொல்கிறார்கள். அதைப் பார்த்துப் பிடித்தால்தான் நேரில் கூப்பிடுவார்கள். செல்போனிலேயே எடுக்கலாம், ஸ்டுடியோவுக்குப் பணம் கட்ட வேண்டாம். காலையில் ஒன்பது, பத்து மணிக்குத் திண்ணை நிழலில் படத்தைச் சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்தி, ஃபிளாஷ் போடாமல், கேமராவைப் படத்தின் நடுவுக்கு நேராகப் பிடித்து எடுத்தால் போதும். கண்ணாடி போட்ட படத்தை மட்டும் எடுக்கவே முடியாது. எடுக்கிறவர் முகம்தான் விழும். என் மகளின் முதல் விண்ணப்பத்தில் மூன்று படங்களில் என் வழுக்கைத் தலை இருந்தது.

இருபது கேட்டால் இருபதும் தேவையா என்பதும் யோசிக்க வேண்டியது. பலவீனமான ஒரு படம் பக்கத்தில் இருக்கும் இரண்டு நல்ல படங்களையும் கீழே இழுத்துவிடும். எதை விடுவது என்று முடிவு செய்வதுதான் பிள்ளைக்குக் கஷ்டம். அந்த இடத்தில் அப்பா அம்மா வாயைத் திறக்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டம்! என் அம்மாவின் படத்தை மகள் இந்தத் தடவை எடுத்துவிட்டாள். புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது, ஆச்சியின் முகம் அதில் இல்லை என்றாள். ஊரே பார்த்து, ஆச்சி பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்ன படம். இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் உற்றுப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

பேச்சுக்கும் பயிற்சி வேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ், வகுப்பில் மலையாளம், வடக்கே போனால் ஆங்கிலமோ இந்தியோ என்று மூன்று மொழிக்கு நடுவே நிற்கிறார்கள். "இந்த நிறம் ஏன்?" என்று கேட்டதும் வாய் கட்டிப் போகிறது. ஆங்கிலம் போதவில்லை என்று நாம் நினைத்து வகுப்புக்கு அனுப்புகிறோம். என் அனுபவத்தில், தமிழிலேயே அந்தக் கேள்வியை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை என்பதுதான் குறை. வீட்டில் நாம் கேட்பதெல்லாம் இரண்டு கேள்வி: "இது யார்?", "இதை விற்றால் எவ்வளவு வரும்?" இப்போது ராத்திரி கடை அடைத்து வந்ததும் ஒரு படத்தை எடுத்து வைத்து, "இதை ஏன் இங்கேயே நிறுத்திவிட்டாய்?" என்று கேட்கிறேன். முதலில் சும்மாதான் என்பாள். இப்போது பத்து நிமிடம் பேசுகிறாள். தமிழில் பேச வந்துவிட்டால் மற்ற மொழியில் உடைத்து உடைத்தாவது சொல்லிவிடலாம்.

ஓவியம் படித்தால் சோறு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு கட்டுரைதான் எழுத வேண்டும். பள்ளி ஓவிய ஆசிரியர், அச்சகம், விளம்பரம், துணி வடிவமைப்பு, அனிமேஷன் என்று வேலைகள் இருக்கின்றன. நிச்சயமான வேலை என்று எதையும் நான் சொல்ல மாட்டேன். பிரேம் கடையும் நிச்சயமில்லைதான். இப்போது பாதிப் பேர் படத்தைச் செல்போனிலேயே வைத்துக்கொள்கிறார்கள்.

நம் சங்கத்துச் செயற்குழுவுக்கு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு பொங்கல் விழாவிலும் ஓவியப் போட்டி நடத்துகிறோம். ஒரு மணி நேரம், தலைப்பு நாம் கொடுப்பது, மூன்று பரிசு. சின்னப் பிள்ளைகளுக்கு அது இருக்கட்டும். கல்லூரியில் ஓவியம் படிக்கிற பிள்ளைகள் நம் குடும்பங்களிலேயே நான்கைந்து பேர் இருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் சேரப் போகிறார்கள். வரும் பொங்கலில் அவர்களைத் தங்கள் ரஃப் நோட்டுகளோடு வரச் சொல்வோம். ஏற்கெனவே படித்து முடித்தவர்கள் ஒவ்வொருவரோடும் அரைமணி நேரம் உட்கார்ந்து, உண்மையான மதிப்பீட்டில் கேட்பதைப் போலத் தமிழில் கேள்வி கேட்கட்டும். பரிசு வேண்டாம், கைதட்டலும் வேண்டாம், பெற்றோரைக் கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தால் போதும். என் மகள் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய இரண்டாவது மதிப்பீடு அடுத்த மாதம். முடிவு எப்படியானாலும் வருவாளாம். அட்டைப்பெட்டியோடு வந்த நண்பர் தம் மகனையும் அழைத்து வர வேண்டும், என் மேல் கோபம் இருந்தாலும்.

மேசைக்குக் கவலை வேண்டாம். கடையில் ஆறடி மடக்கு மேசை நான்கு இருக்கின்றன. முந்தின நாளே ஆட்டோவில் ஏற்றி மண்டபத்துக்கு அனுப்பிவிடுகிறேன்.